அரைச் சாண் உயரம்

"அம்மா, நெஜமான ஸ்போர்ட்ஸ் கார்னா என்னா?"

என் ஆறு வயது மகன் இப்படிக் கேட்டு மூன்று வாரம் ஆகிறது. இன்னும் நான் பதில் சொல்லவில்லை. கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டு, சிவப்புப் பொம்மைக் கார் ஒன்றைக் கட்டிலுக்கு அடியில் உருட்டியபடி கேட்டான். அந்தச் சின்னச் சக்கரங்கள் தரையில் உரசிய சத்தத்தோடு, காய்ந்த உளுந்துச் செடி கருகும் வாசனை எனக்கு வந்தது. வீட்டில் எதுவும் கருகவில்லை. அது தெரிந்தும் இரண்டு முறை சமையலறைக்குப் போய் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

கைப்பேசியில் தேடிப் பார்த்தேன். வேகம் என்கிறார் ஒருவர், எடை குறைவு என்கிறார் இன்னொருவர். நான் படித்தவள்தான்; நாலு பேர் எழுதியதைப் படித்துவிட்டு ஆறு வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி ஒரு வரியில் சொல்ல எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு எங்கள் குடும்பத்தில் ஒருவர் ஏற்கெனவே பதில் சொல்லியிருக்கிறார். அதை என் வாயால் சொல்வதற்கு எனக்கு உரிமை இருக்கிறதா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

அவர் குணா மாமா, என் அம்மாவின் ஒரே தம்பி. கடலூர் முதுநகரில், துறைமுகத்துப் பக்கம், மீன்பிடிப் படகுகளின் இன்ஜின் பழுது பார்க்கும் பட்டறையை அந்தோணி என்ற நண்பரோடு சேர்ந்து நடத்திவந்தார். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, எங்கோ தோப்பில் துருப்பிடித்துக் கிடந்த இரண்டு கதவுப் பழைய கார் ஒன்றை மாமா பட்டறைக்கு இழுத்து வந்தார். அதற்கு அடிச்சட்டம் தனியாகவும் உடம்பு தனியாகவும் இருந்ததால், கூரையை அறுத்து எடுத்தாலும் வண்டி வளையாது என்று கண்டுபிடித்து, ஒரே நாளில் அறுத்தும் எடுத்துவிட்டார். பின் இருக்கை போனது. சக்கரத்துக்கு மேலிருந்த சுருள் ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்தினார். படகுக்கு அடிக்கும் சிவப்புப் பெயிண்டையே காருக்கும் அடித்தார்.

சிதம்பரத்திலிருந்து நானும் அம்மாவும் மாதம் ஒரு முறை கடலூருக்குப் போகும்போதெல்லாம், டீசலும் கருவாடும் கலந்து மணக்கும் அந்தப் பட்டறையில் ஒரே வாக்குவாதமாக இருக்கும்.

"மச்சான், இது ஸ்போர்ட்ஸ் காரு இல்லடா, மொட்ட போட்ட காரு. மழ பெஞ்சா உள்ள எறா வளக்கலாம்" என்பார் அந்தோணி மாமா.

"போடா. உனுக்கு இன்னா தெரியும்?"

"சரி, எவ்ளோ ஸ்பீடு போவும்? அதச் சொல்லு."

"ஸ்பீடா முக்கியம்? ஸ்பீடு பாத்தா நம்ம சிதம்பரம் பிரைவேட் பஸ்ஸதான் மொதல்ல ஸ்போர்ட்ஸ் காருன்னு சொல்லணும்."

பட்டறையே சிரிக்கும். சிரிப்பு அடங்கிய பிறகு, எனக்கு மட்டும் பாடம் எடுப்பதுபோல் இல்லாமல், தனக்குத் தானே நிச்சயப்படுத்திக்கொள்வதுபோல் மாமா சொல்வார்: ரெண்டே சீட்டு, ஏனென்றால் மூட்டை முடிச்சு ஏற்றும் வண்டி இல்லை அது, பின்சக்கரம் தள்ள வேண்டும், முன்சக்கரம் திரும்ப மட்டும் வேண்டும், எல்லாவற்றையும்விட முக்கியமாக, தரையை ஒட்டி இருக்க வேண்டும். "ரோட்டுல கெடக்குற கல்லு முதுகுல தெரியணும் பாப்பா. அப்பதான் வண்டி நம்ம பேச்சக் கேக்கும்." தரைக்கும் வண்டியின் அடிக்கும் நடுவே கையை விரித்து வைத்து அளந்து காட்டுவார். அரைச் சாண்தான் இருந்தது.

அந்தோணி மாமா விடமாட்டார். "நம்ம ஊரு ரோட்டுல ஏற முடியாத வண்டி எப்டிடா நெஜ காரு? மினி பஸ்ஸு ஏறுதுல்ல?"

அந்த இரண்டாவது இருக்கை முதலில் எனக்குத்தான் என்று மாமா சொல்லியிருந்தார். குறிஞ்சிப்பாடியில் அவருக்குப் பெண் பார்த்து, வைகாசியில் கல்யாணம் என்று நிச்சயமும் ஆகியிருந்தது. "கல்யாணத்துக்கு அப்பறம் அந்த சீட்டுக்கு ஆளு வந்துரும், அதுக்குள்ள நீ உக்காந்துக்கோ" என்றார். உட்கார்ந்தால் எனக்கு முன்னால் ஒன்றும் தெரியாது என்பதால், இருக்கையின் மேல் தனியாக ஒரு பஞ்சுத் திண்டு தைத்து வைத்திருந்தார்.

முழு ஆண்டுத் தேர்வு முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அந்தச் சிவப்புக் காரைச் சிதம்பரத்துக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் தெருவே வாசலுக்கு வந்தது. அம்மாவுக்கு உள்ளூரப் பெருமைதான், ஆனாலும் "ஒத்தப் பொண்ணு. உன்ன நம்பி அனுப்புறன்" என்று மூன்று முறை சொன்னார். "காட்டுமன்னார்கோயில் ரோட்டுல கொஞ்ச தூரம் போயிட்டு, சோறு ஆறதுக்குள்ள வந்துர்றேங்க்கா" என்றார் மாமா.

குமராட்சிப் பக்கம் அப்போது உளுந்து அறுப்பு. நெல் அறுத்த ஈரத்தில் விதைத்த உளுந்தைச் செடியோடு பிடுங்கி வந்து, தார்ச் சாலையின் மேலேயே பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற பஸ்சும் லாரியும் அதன்மேல் ஏறி ஏறிப் போனால் நெற்று உடைந்து மணி உதிர்ந்துவிடும். களம் தேவையில்லை, மாடு தேவையில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் அதைத் தவறாக நினைத்ததில்லை. வண்டியை ஒதுக்கி ஓட்டுகிறவர்களைத்தான் திட்டுவார்கள்.

முதல் பரப்பு மெல்லியதாக இருந்தது. மாமா மெதுவாக ஏற்றினார். அடியில் நெற்று வெடிக்கிற சத்தம், கூரையில்லாத வண்டியில், ஊசிப் பட்டாசுச் சரம் வெடிப்பதுபோல் எங்களுக்கு மிக அருகில் கேட்டது. நான் கைதட்டிச் சிரித்தேன். அடுத்த பரப்பு கொஞ்ச தூரத்தில், முழங்கால் உயரத்துக்குப் போட்டிருந்தது. மாமா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார்.

"ஏத்திக்கினு போண்ணா, காரு ஒண்ணும் தேஞ்சிறாது" என்று சாலையோரம் முறத்தோடு நின்ற பெண் ஒருத்தி கத்தினாள்.

"இல்லம்மா, அடி தாழ்வு. செடி சுத்திக்கும்" என்று சொல்லிவிட்டு, வண்டியைத் திருப்பப் பார்த்தார்.

"ஏத்துங்க மாமா" என்றேன்.

"வேணாம் பாப்பா. சைலன்சர் சூடா இருக்கு."

எனக்கு அந்தச் சத்தம் இன்னொரு முறை வேண்டும். அவ்வளவுதான். அப்போது அந்தோணி மாமாவின் வாசகம் என் வாயில் வந்தது. "மினி பஸ்ஸே ஏறுது. அப்ப இது நெஜ ஸ்போர்ட்ஸ் காரு இல்ல."

மாமா என்னைப் பார்த்தார். கோபமில்லை. தோற்றுப்போன ஒரு சிரிப்பு சிரித்தார். வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுத்து, வேகமாக ஏற்றினார்.

சத்தம் நான் கேட்டபடியே வந்தது. பாதியில் வண்டி திணறியது, அடியிலிருந்து வெள்ளைப் புகை வந்தது, அதற்குள் மாமா என்னைத் தூக்கிச் சாலையோரப் புல்லில் போட்டுவிட்டார். என் காலில் எதுவோ சுட்டது. அவர் திரும்பி ஓடி, வண்டிக்கு அடியில் படுத்து, எரிகிற செடியை வெறுங்கையால் இழுத்து இழுத்துப் போட்டார். பெண்கள் அடிபம்பிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். பெட்ரோல் பிடித்துக்கொண்டதும் இரண்டு பேர் அவரைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். அந்தச் சிவப்புப் பெயிண்ட் கொப்பளம் கொப்பளமாக எழும்பிக் கறுத்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மருத்துவமனைக்கு அம்மா வந்த விதம் எனக்கு மறக்கவே மறக்காது. ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது. என் கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்திருந்ததைப் பார்த்துவிட்டு, இரண்டு கையிலும் கட்டோடு உட்கார்ந்திருந்த தம்பியிடம் திரும்பி, "யாருடா உன்ன அதுமேல ஏத்தச் சொன்னது?" என்று கத்தினார்.

மாமா என்னை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, "நாந்தான்க்கா ஏத்துனேன்" என்றார்.

நான் பேசவில்லை. ஒன்பது வயது, பயம், வலி என்று என்னென்னவோ காரணம் சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் பத்து வயதிலும் நான் பேசவில்லை. பதினைந்திலும் பேசவில்லை. அக்கா மகளையே எரிக்கப் பார்த்தவனுக்கு எங்கள் பெண்ணைத் தர மாட்டோம் என்று குறிஞ்சிப்பாடிக்காரர்கள் சொல்லி அனுப்பியபோது, நான் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளையாக, அம்மா சொன்னதையெல்லாம் கேட்கும் பிள்ளையாக இருந்தேன். மாமா அதற்குப் பிறகு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வலக்கை முழுவதும் மடங்காது. ஸ்பானரை இடக்கையில் பிடித்துப் பழகிக்கொண்டார். அம்மா அவரோடு பேசுவதை நிறுத்தினார். என் கல்யாணத்துக்கு வந்தவர் மண்டபத்துக்குள் வரவே இல்லை. வெளியே நின்று, வந்தவர்களின் வண்டிகளைப் பின்னால் எடுக்க, "வா, வா, இன்னும் வா" என்று அந்த மடங்காத கையைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் மணமேடையிலிருந்து அதைப் பார்த்தேன். இறங்கிப் போயிருக்கலாம்.

போன ஐப்பசியில் மாமா பட்டறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழவில்லை.

சாவு வீட்டில் அந்தோணி மாமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. "ஒண்ணு மட்டும் எனுக்கு இன்னி வரிக்கும் புரியல பாப்பா. அரைச் சாண்தான் இருக்குன்னு தெனம் அளந்து காட்னவன். அவன் எப்டி ஏத்துனான்? எத்தினியோ வாட்டி கேட்டுட்டன். சிரிப்பான், சொல்ல மாட்டான்" என்றார். பதிலுக்காகத்தான் என்னைப் பார்த்தாரோ, சும்மாதான் பார்த்தாரோ, தெரியவில்லை. புடவையை இழுத்துக் கெண்டைக்காலை மூடிக்கொண்டேன்.

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறார். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் ஜாஸ்தி. தம்பி போன பிறகு, கீரை ஆயும்போது கை அப்படியே நிற்க, யாரிடமோ பேசுவதுபோல் சொல்கிறார்: "ஒரே ஒரு வாட்டி, தப்புதான்க்கான்னு வந்து நின்னுருந்தா பேசியிருப்பன். அவன் நிக்கலியே." அவரால் எப்படி அப்படி வந்து நிற்க முடியும்? தப்பு அவருடையதாக இல்லையே. அதைச் சொன்னால் என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டுமே.

போன வாரம் கடலூருக்குப் போயிருந்தேன். பட்டறை இருந்த இடத்தில் தகரக் கதவு போட்டுப் பூட்டியிருந்தது. குமராட்சிப் பக்கம் உளுந்தை இப்போது பெரும்பாலும் வயலிலேயே இயந்திரத்தில் அடித்துவிடுகிறார்களாம். சாலையில் பரப்புவது குறைந்துவிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று இனி எந்தப் பிள்ளையும் அடம்பிடிக்காது.

நேற்று என் மகன், பொம்மைக் காரைக் கையில் வைத்துக்கொண்டு, வேறொரு கேள்வி கேட்டான். "குணா தாத்தா மாரி ஆயிடாதன்னு பாட்டி சொல்றாங்க. குணா தாத்தா கெட்டவராம்மா?"

"இல்ல" என்றேன். அம்மா பக்கத்து அறையில் இருந்தார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன்.

இதைப் படிக்கிறவர்களிடம் கேட்கிறேன். என்னைவிட வயதும் அனுபவமும் உள்ளவர்கள் உங்களில் இருப்பீர்கள். உண்மையைச் சொன்னால், இத்தனை வருடம் தம்பியோடு பேசாமல் இருந்தது வீண் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும்; இனிப் போய்ப் பேச அவருக்குத் தம்பியும் இல்லை. அந்த உடம்பு அதைத் தாங்குமா என்று பயமாக இருக்கிறது. சொல்லாவிட்டால், என் பிள்ளையின் வாயிலும் மாமா கெட்டவராகவே இருப்பார். அம்மாவுக்காகத்தான் தயங்குகிறேனா, இல்லை ஆஸ்பத்திரியில் வாய் திறக்காத அதே ஒன்பது வயதுப் பெண்தான் இன்னமும் தயங்குகிறாளா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. உங்கள் வீட்டில் இப்படி ஒன்றை, காலம் கடந்து, யாராவது சொல்லியிருக்கிறார்களா? சொன்ன பிறகு, கேட்டவர்கள் எப்படி இருந்தார்கள்? தெரிந்தால் எழுதுங்கள். நான் என்ன செய்யட்டும்?