அவகாடோக் கறை

என்னுடைய நீலச் சட்டையில் செங்கல் நிறத்தில் ஒரு கறை இருக்கிறது. அவகாடோக் கொட்டையின் பால். வெட்டும்போது வெள்ளையாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரத்தில் சிவந்துவிடும். எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் ஒரு பழக்கடையில் வேலை செய்தபோது பட்டது. கடை முதலாளி என் சட்டையைக் காட்டித்தான் வியாபாரம் செய்தார். "பாருங்கம்மா, சத்து எப்படிச் செவக்குதுன்னு. இதுதான் ரத்தத்தச் சுத்தம் பண்றது" என்பார். ஒரு கறைக்கு அவ்வளவு மரியாதை கொடுத்த மனிதரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

முதலில் பழத்தை ஜூஸ் அடித்து விற்றோம், கொட்டையைக் குப்பையில் போட்டோம். ஒரு நாள் போனில் எதையோ பார்த்தார். மறுநாள் கொட்டையை எல்லாம் சீவிக் கூரைத் தகரத்தில் காயப்போடச் சொன்னார். மிளகாய் அரைக்கிற மில்லில் அரைத்துப் போத்தலில் அடைத்தார். பழத்தில் நல்ல கொழுப்பு, நார்ச்சத்து, பொட்டாசியம் எல்லாம் இருக்கிறது என்பார். அது உண்மைதான். உண்மையைக் கொஞ்சம் முன்னால் வைத்தால் பின்னால் எதையும் தள்ளிவிடலாம் என்று தெரிந்த ஆள். கொட்டையில் அதைவிடப் பல மடங்கு ஆன்டிஆக்ஸிடன்ட் என்பார். அந்தச் சொல்லை ஒரு நாளும் ஒரே மாதிரி சொன்னதில்லை. சீனி வியாதி போகும், பிரஷர் இறங்கும், மாத்திரையே வேண்டாம். அவர் மட்டும் காலையில் பாதிப் பழத்தை உப்புப் போட்டுச் சாப்பிடுவார். தூளைத் தொடமாட்டார். தனக்கு வியாதியே இல்லையாம்.

என் அக்காவுக்குச் சீனி. வத்தேகமவிலிருந்து என்னைப் பார்க்கக் கடைக்கு வந்தவளிடமும் ஒரு போத்தலைக் கொடுத்தார். கசந்தால் அது மருந்து என்று நம்புகிறவள் அவள். மாத்திரையை விடாதே என்றேன். நீ என்ன டாக்டரா என்றாள். அவர் டாக்டரா என்று கேட்டேன். "அவரு படிச்சிருக்காருடா" என்றாள். ஆமாம், போனில்.

மாத்திரையை விட்டாள். செருப்புக் கடித்த புண் ஆறவே இல்லை. கண்டி ஆஸ்பத்திரியில் கால் பெருவிரலை எடுத்தார்கள். பழத்தை அளவாகச் சாப்பிடலாம், ஆனால் கொட்டையைத் தின்னலாம் என்று யாரும் இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை என்றார் டாக்டர். மறுபடி மாத்திரையை விட்டால் காலே போகும் என்றும் சொன்னார். நான் வேலையை விட்டேன். அக்காவை என்னோடு வைத்துக்கொண்டேன்.

அடுத்த முறை சீனிக் கிளினிக்குக்கு அவளைக் கூட்டிப் போனேன். நோயாளிகள் வரிசையாக உட்காரும் வாங்கில் முதலாளி உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அக்கா நொண்டிக்கொண்டே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன முதலாளி, தூள் முடிஞ்சு போச்சா?"

"வீட்டம்மாவுக்கு மாத்திரை எடுக்க வந்தேன்."

அதற்குள் நர்ஸ் அவர் பெயரைச் சொல்லி ரத்தம் எடுக்கக் கூப்பிட்டார். எழுந்து போய்ச் சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினார். அக்கா என் பக்கம் திரும்பி, "வீட்டம்மாவுக்குக் கையில நல்ல முடி" என்றாள். வாங்கே சிரித்தது. அவர் மட்டும் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். கடையில் போத்தல்கள் அப்படியே அடுக்கியிருக்கின்றன. வெட்டின கொட்டையை யாரோ ஒரு அம்மாவிடம் நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார். அந்த வாய்க்கு வெட்கம் என்று ஒன்று இல்லை.

நாங்கள் இன்னும் அவகாடோ வாங்குகிறோம். பழம் என்ன செய்தது, பாவம். அக்கா பாதி சாப்பிடுவாள், மாத்திரையைப் போடுவாள், கொட்டையைக் குப்பையில் போடுவாள். நீலச் சட்டை இப்போது வாசலில் கால்மிதியாகக் கிடக்கிறது. மீதி நாலு விரலையும் அந்தக் கறையில் நன்றாகத் தேய்த்துவிட்டுத்தான் அவள் உள்ளே வருவாள்.