ஜன்னலண்டை இடம்

பக்கத்துப் போர்ஷனில் யாருக்கோ சளி. காலையில் கொள்ளு வேகவைத்திருக்கிறார்கள். அந்த வாசனை வந்ததும், திருத்திக்கொண்டிருந்த கணக்கு நோட்டை மூடிவிட்டேன். உங்களுக்கு அது ரசத்தின் வாசனையாக இருக்கலாம். எனக்கு அது ஒரு குதிரையின் வாசனை.

சிங்காரி என்று பெயர். மயிலாப்பூர்க் குளத்து மூலையில் என் அப்பா, எங்கள் நைனா, ஜட்கா வண்டி ஓட்டினார். சிங்காரிக்கு எங்கள் வீட்டு அடுப்பில்தான் கொள்ளு வேகும். வீடு, துணி, என் பின்னல் எல்லாம் அந்த மணம்தான். கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'கொள்ளு' என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான் என்பதால், அதையும் ஒரு பட்டம் போலத்தான் ஏற்றுக்கொண்டேன். பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகம். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றபோதுதான் அது சற்று அடங்கியது.

நைனாவுக்கு நிரந்தரச் சவாரி எங்கள் தெருக்கோடி வக்கீல் வீடு. அந்த வீட்டு ராஜம் என்னைவிட இரண்டு வயது பெரியவள். அவளைப் பெண்கள் ஹைஸ்கூலில் விடப் போகும்போது நானும் முன்னால் தொற்றிக்கொள்வேன். இறங்கும்போது மாடியைக் காட்டுவாள். "அதோ பார், அந்த ஜன்னலண்டை. காத்து பிச்சுண்டு வரும். அதான் என் எடம்."

நாற்பத்திரண்டாம் வருஷத்துக் கோடையில், ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டியது. எல்லார் வாயிலும் ஒரே வார்த்தை: ஊருக்குப் போகிறோம். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இது ஊரே இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மளிகைக்கடைக்காரருக்கு ஊர் நெல்லூர்ப் பக்கம். வக்கீலுக்குக் கும்பகோணம் பக்கம். படிக்க வந்து, வக்கீலாகி, வீடும் கட்டிவிட்டார். ஆனாலும் ஊர் அங்கேதான் இருந்தது. ராஜம் பிறந்ததே மயிலாப்பூரில். அவளுக்கும் ஊர் கும்பகோணம் பக்கமாம்.

எழும்பூர் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் வக்கீல் நைனாவைக் கேட்டார். "நீ எங்கேப்பா போகப்போறே?"

"நமக்கு ஏது சாமி ஊரு? சிங்காரி எங்க நிக்கிதோ அதான் ஊரு."

"குண்டு விழுந்தா?"

"வூடு பழசு, போனா போவுது. வண்டிக்குத்தான் இப்ப சாயம் அடிச்சிருக்கேன், அதான் யோசனையா கீது."

வக்கீல் சிரித்துவிட்டார். ஸ்டேஷனில் சிரிக்க இடமில்லை. மனிதர்களுக்கு மேல் மனிதர்கள். எப்படியோ ஏறிக்கொண்ட ராஜம், ரயில் ஜன்னல் வழியாகக் கத்தினாள். "ஏய் கொள்ளு, பள்ளிக்கூடம் தொறந்தா என் எடத்தைப் பாத்துக்கோ. வேற யாரும் உக்காரப்படாது."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. துவைத்த பாவாடையைக் கட்டிக்கொண்டு நேரே மாடிக்குப் போய், ஜன்னலண்டை உட்கார்ந்துவிட்டேன். மூன்று ஃபாரம், அதாவது மூன்று வகுப்புப் பெண்களையும் சேர்த்து உட்காரவைத்தும் அந்த அறை நிரம்பவில்லை. தலைமையாசிரியை அம்மாள் என்னிடம் வந்து நின்றார்.

"யார் நீ?"

"இது ராஜத்தோட எடம். பாத்துக்கச் சொல்லிட்டுப் போயிருக்கா."

"பாத்துக்கறதுன்னா என்ன பண்ணுவே?"

"வேற யாரும் உக்காராம நானே உக்காந்துக்குவேன்."

அறையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. காலி பெஞ்சுகளை ஒரு தடவை பார்த்தார். ஒரு புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன், தேவைக்கு மேல் சத்தமாகவே வாசித்திருப்பேன். "சரி, இடம் இருக்கிறவரைக்கும் வா. பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வேண்டாம். ஆனா போனவங்க திரும்பி வந்தா அவங்களுக்குத்தான் முதல்லே. ராஜம் வந்தா நீ எழுந்துக்கணும்," என்றார்.

அந்த மாதங்களில் பட்டணம் விடுமுறை நாள் போல அமைதியாக இருந்தது. தியாகராய நகர்ப் பக்கம் புது வீடுகளில் 'வாடகைக்கு' என்று பலகை தொங்கியது. நின்று பார்க்க ஆளில்லை. எனக்கு அது நல்ல காலம். ஆங்கிலம் வந்தது, அல்ஜீப்ரா வந்தது. நைனாவுக்குச் சவாரி வரவில்லை. வக்கீல் வீட்டில் பாத்திரம் தேய்த்தவள் வேலை தேடி அடையாறு வரை நடந்தாள். சிங்காரியின் கொள்ளிலிருந்து அம்மா எங்களுக்கும் ஒரு கை எடுக்கத் தொடங்கினாள். ஒரே தெருவில், மற்றவர்கள் போனதால் நான் படித்தேன். அதனாலேயே வீட்டில் கொள்ளு தின்றோம். இரண்டையும் எப்படிச் சேர்த்து நினைப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

பிறகு, குண்டு விழாமலே பயம் தேய்ந்து, ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பியது. போனவர்களைக் கொண்டுவிட்ட நைனாதான் அவர்களைக் கூட்டியும் வந்தார். சாயங்காலம் அவர் வண்டியை அவிழ்க்கும்போது பக்கத்தில் போய் நிற்பேன்.

"இன்னிக்கி யாரு நைனா?"

"மூணாம் வூட்டு டாக்டரு."

மறுநாள் வகுப்பில் ஒரு பெஞ்சு நிரம்பும். ராஜம் வரவேண்டும் என்று இருந்தது. வந்தால் நான் எழுந்திருக்க வேண்டும் என்பதும் நினைவில் இருந்தது. அவள் வந்தால் எந்த இடத்தில் நின்று என்ன சொல்லலாம் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

ஒருநாள் நைனா நான் கேட்கும் முன்பே சொன்னார். "வக்கீல் வூட்டாரு வந்துட்டாங்க."

"ராஜம்?"

அவர் சிங்காரியின் கழுத்துப் பட்டையை மெதுவாக அவிழ்த்தார். "அதுக்கு ஊர்லயே கண்ணாலம் கட்டிட்டாங்களாம் கண்ணு. நல்ல எடமாம், சொந்தத்துல. உன் எடத்துக்கு இனிமே பயமில்ல, நீ படி."

இடம் என்ற சொல்லை இரண்டு தரம் சொல்லிவிட்டோம் என்று அவருக்குத் தெரியாது.

சில நாள் கழித்து ராஜத்தின் பெயரை எடுத்துவிடச் சொல்ல அவள் அம்மா பள்ளிக்கூடம் வந்தார். வகுப்பு வாசலில் அவரைக் கண்டதும் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அவர் உள்ளே வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் வெளியே பார்த்தார்.

"உக்காருடி," என்றார். "உன்னை எழுப்ப இனிமே யார் வரப்போறா?"

உட்கார்ந்தேன். பள்ளிப் படிப்பு முடியும்வரை அங்கிருந்து எழுந்திருக்கவில்லை. இன்று அதே பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்.

போன நவராத்திரிக்கு ராஜம் வந்திருந்தாள். புருஷனுக்கு நாகபுரியில் வேலை. வக்கீல் வீட்டை விற்றுவிட்டுக் கிராமத்தோடு போய்விட்டார். அதில் இப்போது தேசப் பிரிவினையில் சிந்துப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் இருக்கிறது. இடுப்பில் குழந்தையோடு பள்ளிக்கூடத்து மாடிக்கு ஏறி வந்து, "எங்கேடி என் எடம்?" என்றாள்.

எனக்கே காட்டத் தெரியவில்லை. யுத்தம் முடிந்ததிலிருந்து நாலா பக்கத்திலிருந்தும் ஜனம் வந்து சேர்ந்துகொண்டே இருக்கிறது. பிள்ளைகளுக்கு இடம் போதாமல் ஜன்னல் பக்கத்துச் சுவரை இடித்து அறையை நீட்டிவிட்டார்கள். ஜன்னல் போயிற்று. சுமாராக அது இருந்திருக்கக்கூடிய இடத்தில், சிந்துக் குடும்பத்துப் பெண்ணும் ரங்கூனிலிருந்து வந்தவளும் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இதான் நீ பாத்துண்ட லட்சணமா?" என்றாள் ராஜம்.

முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி கேட்டாள். "டீச்சர், இவங்க எந்த ஊரு?"

ராஜம் பதில் சொல்ல வாயெடுத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இந்த ஊர்தான்," என்றேன்.

அவளை வழியனுப்பக் குளத்து மூலைவரை போனேன். ஜட்காக்கள் நின்ற இடத்தில் இப்போது பஸ் நிற்கிறது. சிங்காரி இல்லை, தண்ணீர்த் தொட்டி இல்லை. கொள்ளு மணத்த இடத்தில் பெட்ரோல் வாசனை. ராஜம் கூட்டத்தில் இடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலண்டை ஓர் இடம் காலியாக இருந்தது. போய் உட்கார்ந்துகொண்டாள்.