சொல்லாமல் எழுந்து வந்தேன்

இங்கே அழுவதற்கு ஐம்பது நிமிடம். சிகாகோவில் மனநல ஆலோசனை முதுகலைப் படிப்புக்காக நான் பயிற்சி பெறும் மையத்தில் எதிரெதிரே இரண்டு நாற்காலிகள், நடுவில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி. நேரம் முடிந்ததும் வந்தவர்கள் கண்ணைத் துடைத்து, நன்றி சொல்லி, அடுத்த வாரத்துக்கு நாள் குறித்துக்கொண்டு போகிறார்கள். நம் ஊரில் துக்கத்துக்கு யாராவது மணி பார்ப்பார்களா? வந்த புதிதில் எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

புதுவாயலுக்குப் பக்கத்தில் நெல் பயிரிடுகிற குடும்பம் எங்களுடையது. அறுபதுகளின் கடைசியில், நான் மதராஸில் சமூகப்பணி படித்துக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டு ராஜம்மாவின் மூத்த மகன் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு பட்டறையில் அடிபட்டு இறந்துபோனான். துக்கம் விசாரிக்க அக்காவோடு போனேன். போன எல்லோரும் பாயில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். எழும்போது நான் பழக்கதோஷத்தில், "போய்ட்டு வரேன்" என்றுவிட்டேன். வெளியே வந்ததும் அக்கா பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, சாவு ஊட்ல போய்ட்டு வரேன்னா சொல்லுவ? மானத்த வாங்கிட்டியே!"

"ஆறுதலா ஒரு வார்த்த கூட யாருமே பேசலியேக்கா?"

"இன்னாத்த பேசறது? கூட ஒக்காந்துக்கினு இருந்தோமே, அது போதாதா?"

இதெல்லாம் படிக்காதவர்கள் பேச்சு என்று அன்று மனதுக்குள் ஏளனம் செய்தேன். எவ்வளவு திமிர் எனக்கு!

சிகாகோவில் எனக்குக் கொடுத்த முதல் ஆள் ரூத். மகனை இரும்பாலை விபத்தில் பறிகொடுத்தவள். எனக்கு முன் இரண்டு மாணவர்கள் முயன்றும் வாயே திறக்கவில்லை. இவள் மறுவாரம் திரும்பி வராவிட்டால் என் பயிற்சி தோல்வி. உதவித்தொகை நின்று, மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆறுதல் வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அவள் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. உட்கார்ந்தேன். ஐம்பது நிமிடமும் உட்கார்ந்தே இருந்தேன். பிறகு விடைபெறாமல், நாள் குறிக்காமல், எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

மேற்பார்வை ஆசிரியை மிஸஸ் வாக்கர் முகம் சிவந்து நின்றார். "அவளோடு சண்டையா?"

"சாவு வீட்டில் நாங்கள் சொல்லிக்கொண்டு கிளம்ப மாட்டோம், மேடம்."

"இது சாவு வீடு இல்லை. அலுவலகம்."

அந்த வாரம் ஊருக்குத் திரும்பப் பெட்டியைக்கூட எடுத்துத் தூசி தட்டிவிட்டேன். ஆனால் ரூத் வந்தாள்! பத்து நிமிடம் முன்னதாகவே வந்து, "எதுவும் சொல்லாத அந்தப் பெண் எங்கே?" என்று கேட்டாளாம். உட்கார்ந்ததும், "அவன் பெயர் டேனியல்" என்றாள். அப்புறம் அவள் நிறுத்தவே இல்லை. அழுதாள், அவன் செய்த குறும்பைச் சொல்லிச் சிரித்தாள், மறுபடி அழுதாள். நேரம் முடிந்ததென்று கதவைத் திறந்த மிஸஸ் வாக்கர், ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். மாலையில் என் மதிப்பீட்டுத் தாளில் தேர்ச்சி என்று கையெழுத்திட்டவர், "உங்கள் ஊரில் வேறென்ன செய்வீர்கள்? எழுதிக் கொடு" என்றார்.

தெருவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. என்னால் அடக்க முடியவில்லை. "பாஸாய்ட்டேன்யா, பாஸாய்ட்டேன்!" என்று கத்தினேன். பேருந்து நிறுத்தத்தில் நின்ற வெள்ளைக்காரர் ஏதோ வாழ்த்து என்று நினைத்துத் தொப்பியை உயர்த்தி, "உங்களுக்கும் அப்படியே ஆகட்டும்" என்றார். அக்காவுக்குக் கடிதம் போய்ச் சேரப் பதினைந்து நாளாகும். அதுவரை யார் பொறுப்பது? பேருந்து வரும்வரை அந்த மனுஷரிடமே எல்லாவற்றையும் தமிழில் சொல்லிக்கொண்டு நின்றேன். அவரும் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.