பச்சரிசியில் போட்ட கோடு

பிள்ளைகளா, மத்தியானம் சாப்பிட வந்தால் கை கழுவும் முன்பே பச்சரிசி டிரம்மைத் திறந்து பார்ப்பேன் என்று நீங்கள் இரண்டு பேரும் என்னைக் கேலி செய்த காலம் ஒன்று உண்டு. "அக்கா, அப்பா அரிசிக்கும் டோக்கன் போட்டுட்டார்" என்று சின்னவன் சொன்னான். உங்கள் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஏன் பார்த்தேன் என்று அப்போது சொல்லவில்லை; சொல்லக்கூடாது என்று அவள் சத்தியம் வாங்கியிருந்தாள். போன வாரம் பெரியவள் அரிசி களையும்போது ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டதை அம்மா பார்த்துவிட்டாள். "அந்தக் கதையை எழுதிக் குடுத்துடுங்க. என் வாயால சொல்ல வராது" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

ஸ்ரீரங்கத்தில் வண்டி ஸ்டாண்ட் பார்த்துக்கொள்கிறவனுக்குச் சந்தேகம்தான் முதல். டோக்கனை வாங்கும் முன் ஆளின் முகத்தைப் பார்க்க வேண்டும். சொந்த வண்டிக்காரன் வண்டியைப் பார்ப்பான்; மற்றவன் என்னைப் பார்ப்பான். பத்தாவதோடு நின்ற எனக்குத் தெரிந்த படிப்பு அவ்வளவுதான். அதையே வீட்டிலும் வைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் உங்கள் அம்மா மாடிக்குத் துணி காயப்போட ஏறினால் பாதிப் படியில் வாளியை வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள். உதடு வெளுத்துப் போயிருந்தது. மருந்துக் கடையில் சத்து மாத்திரை வாங்கிப் போட்டும் தெம்பு வரவில்லை. தென்னூரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். ரத்தம் மிகவும் குறைவு என்றார்கள். இரும்புச் சத்துக் குறைந்து வரும் ரத்த சோகையைப் பற்றி அங்கே ஓர் ஆராய்ச்சி நடக்கிறது, சேருகிறீர்களா என்று ஒரு டாக்டரம்மா கேட்டார். வயதில் சின்னவர். ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டதும் நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன்.

"புது மருந்தா மேடம்? எங்க மேல சோதிச்சுப் பாக்கவா?"

"இல்லைங்க, எல்லாரும் போடற அதே இரும்புச் சத்து மாத்திரைதான். தினமும் போட்டா நல்லதா, ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டா நல்லதான்னு பாக்கறோம்."

"அது தெரியாமலா இத்தனை காலம் குடுத்தீங்க?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "சரி, யாருக்கு எதுன்னு யார் முடிவு பண்றது?"

"கம்ப்யூட்டர்."

"அதுக்கு எங்க வீட்டம்மாவைத் தெரியுமா?"

"தெரியாது. தெரியாததாலதான் அதுகிட்ட விட்டிருக்கோம். நாங்க பிரிச்சா, பாவம் பாத்துப் பிரிச்சிடுவோம்."

பதில் சரியாகத்தான் இருந்தது. ரொம்பச் சரியாக இருக்கும் பதில் எனக்குப் பிடிக்காது.

பிறகு அம்மாவிடம் கேள்விகள். மாதவிலக்கைப் பற்றிக் கேட்டபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதிகமாகத்தான் போகிறது, பல வருஷமாக, என்றாள். எனக்கே அது அன்றைக்குத்தான் தெரியும். அடுத்து, "அரிசி, சாம்பல், சாக்பீஸ், ஐஸ் கட்டி இந்த மாதிரி ஏதாவது திங்கணும்னு தோணுதாம்மா?" என்றார்.

"சேச்சே, அதெல்லாம் இல்லைங்க" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு டாக்டரம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

ஸ்டாண்டில் நான் தினம் பார்க்கும் பார்வை அது. அடுத்தவன் டோக்கனை நீட்டுகிறவனின் பார்வை.

ஆராய்ச்சியில் சேர்ப்பதற்கு முன், உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஒரு டெஸ்ட்டும் எடுத்தார்கள். ரிசல்ட் வாங்கப் போனால் டாக்டரம்மா தாளைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "சேமிப்பு சரியா இருக்கே. அப்ப இவங்களை ஆராய்ச்சியில சேர்க்க முடியாது. ரத்தம் குறையறதுக்கு வேற காரணம் இருக்கும். அதைத் தேடணும்."

வேற காரணம். எங்கள் ஸ்டாண்டில் மாதாந்தர பாஸ் வைத்திருந்த ஒருவருக்கு இப்படி 'வேற காரணம்' என்று ஆரம்பித்துத்தான் எலும்பு மஜ்ஜை வரைக்கும் போனது. அவருடைய வண்டி ரொம்ப நாள் எடுக்க ஆளில்லாமல் ஓரத்தில் நின்றது. அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு நான் சண்டைக்குப் போனேன்.

"ரத்தம் பிடிச்ச குழாய் மாறிப் போயிருக்கும் மேடம். ஒரே கலர் வண்டி ரெண்டு நின்னா எங்க ஸ்டாண்ட்லயே மாறுது. உங்ககிட்ட எத்தனை குழாய் நிக்குது!"

"மாறியிருக்காதுங்க. ஆனா உங்களுக்குச் சந்தேகம்னா திங்கட்கிழமை வாங்க, திரும்ப எடுத்துப் பாத்துடலாம்" என்றார், கோபப்படாமல்.

பஸ்ஸில் வரும்போது அம்மா பக்கத்தில் கிராம்பு வாசனை அடித்தது. அன்றைக்கு மட்டுமல்ல, கொஞ்ச நாளாகவே அடித்துக்கொண்டிருந்தது. கேட்டதற்கு "வாய் நாத்தம்" என்றாள். வீட்டுக்கு வந்ததும் பச்சரிசி டிரம்மைத் திறந்தேன். நமக்குத் தினமும் புழுங்கல் அரிசிதான். பச்சரிசி வெள்ளிக்கிழமைப் பொங்கலுக்கும் கோலமாவுக்கும் மட்டும். ஆனாலும் அரிசி மட்டம் நிறைய இறங்கியிருந்தது. மேலே சமமாகத் தடவிவிட்டு விரலால் ஒரு கோடு போட்டு மூடினேன்.

மறுநாள் கோடு இல்லை. மறுபடி போட்டேன். மறுபடியும் இல்லை. புறாவுக்குப் போடுகிறாயோ என்று முதலில் உன் மேல்தான் சந்தேகப்பட்டேன், தம்பி. உன் ஸ்கூல் பையைக்கூடத் தடவிப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தேன். நீங்கள் டியூஷனுக்குப் போயிருந்தீர்கள். கொல்லைப் பக்கம் 'நறுக் நறுக்' என்று சத்தம். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, முந்தானை முடிச்சிலிருந்து எடுத்து எடுத்து, ஒரு பக்கக் கடைவாயில் மட்டும் மென்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முடிச்சை இறுக்கினாள்.

"எவ்வளவு நாளா?"

"வயசுக்கு வந்ததுலேர்ந்து. நடுவுல கொஞ்ச காலம் விட்டிருந்தேன். இப்ப விட முடியலைங்க. அரிசியைப் பாத்தா கை தானா போகுது."

"அதான் நம்ம கல்யாணத்துக்கு அந்த மழையா?"

அரிசி தின்கிற பெண்ணுக்குக் கல்யாணத்தன்று மழை கொட்டும் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். எங்கள் கல்யாணம் கத்திரி வெயிலில். தாலி கட்டும் நேரம் பந்தல் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. போட்டோவில் என் வேட்டி முட்டி வரை நனைந்திருக்கும். அன்றைக்கே சொந்தக்காரர்கள், "பொண்ணு எத்தனை மூட்டை தின்னாளோ!" என்று சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அது நோயின் அடையாளம் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

"டாக்டரம்மா கேட்டப்ப ஏன் இல்லைன்னே?"

"பைத்தியம்னு எழுதிக்கிட்டா? நாளைக்கு நம்ம பொண்ணுக்கு வரன் பாக்கறப்ப, அம்மாக்காரி அரிசி திங்கறவன்னு பேசினா?"

"கிராம்பு?"

வாயைத் திறந்து காட்டினாள். இடது கடைவாய்ப் பல் அரிசி கடித்தே உடைந்து, ஈறு வீங்கிச் சீழ் கோத்திருந்தது. பல்லைக் காட்டப் போனால் எப்படி உடைந்தது என்று கேட்பார்கள். அதனால் கிராம்பை வைத்து ஒப்பேற்றியிருக்கிறாள்.

திங்கட்கிழமை நான் வாயைத் திறக்கவில்லை. அவளே சொன்னாள். "டாக்டரம்மா, அன்னைக்கு அரிசி கேட்டீங்களே..." டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு டார்ச் அடித்துப் பல்லைப் பார்த்தார்.

"பைத்தியமெல்லாம் இல்லம்மா. இரும்புச் சத்து இல்லாதவங்க நிறைய பேருக்கு இப்படித் திங்கத் தோணும். ரத்தத்துக்கு இரும்பு போதலைங்கறதுக்கு அதுவே ஒரு துப்பு." பிறகு என் பக்கம் திரும்பினார். "குழாய் மாறலைங்க. உடம்புல எங்கயாவது சீழ், வீக்கம் இருந்தா அந்த டெஸ்ட் ஏமாத்தும். சேமிப்பு காலியா இருந்தாலும் இருக்கற மாதிரி காட்டும். பல்லைச் சரி பண்ணிட்டு வாங்க, பாக்கலாம்."

பல்லைப் பிடுங்கி, வீக்கம் முழுசாக வற்றியபின் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். இந்தத் தடவை குழாயில் பேர் ஒட்டுகிறவரை நான் நகரவில்லை. சேமிப்பு காலி. வேற காரணம் இல்லை, அதே காரணம்தான். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் அம்மா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் வந்தும் விடவில்லை. மாதவிலக்கில் அதிகம் போவதற்குத் தனியாக ஒரு டாக்டரிடமும் அனுப்பினார்கள்.

ஆராய்ச்சியிலும் சேர்த்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டர் அவளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று கொடுத்தது. பாதி வைத்தியம் என்று நான் முணுமுணுத்தேன். மாத்திரையோடு காபி குடிக்கக் கூடாது, குடித்தால் இரும்பு உடம்பில் சேராது என்றார் டாக்டரம்மா. முன்பு கடையில் வாங்கிய மாத்திரையை எல்லாம் அவள் காபியில்தான் விழுங்கியிருந்தாள். "அது சரி, ரெண்டுல எதுதான் நல்லது?" என்று நான் போகும்போதெல்லாம் கேட்டேன். "எல்லாரோடதும் முடிஞ்சு சேர்த்துப் பாத்தாத்தாங்க தெரியும்" என்றே சொன்னார். ஏதோ மறைக்கிறார் என்று இன்றைக்கும் எனக்கு ஒரு எண்ணம் உண்டு. ஆனால் அம்மா வாளியோடு மாடிக்கு ஏறி, நடுவில் உட்காராமல், மேலேயிருந்து "கிளிப்பை எடுத்துட்டு வாங்க" என்று கத்தினாள். அதை என் காதால் கேட்டேன்.

பெரியவளே, மழை வரும் என்று யாராவது கேலி செய்தால் சிரித்துவிட்டுப் போய்விடாதே. திங்கட்கிழமை அம்மாவோடு போய் ரத்தம் கொடுத்துவிட்டு வா.

அந்த மாத்திரைகள் தீர்ந்துபோன சமயம், ஒருநாள் மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. டிரம்மைத் திறந்தேன். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை பொங்கலுக்கு எடுத்தபின் நான் போட்ட கோடு போட்டபடியே இருந்தது. ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டு மென்று பார்த்தேன். மாவு மாதிரி இருந்தது, அவ்வளவுதான். உள்ளங்கையால் கோட்டை அழித்துவிட்டு மூடியை மூடினேன்.