உங்க மாமா இன்னும் வந்து சேரலையே

இது யாருக்கோ நடந்து, யார் வாய் வழியாகவோ என்னிடம் வந்த கதை இல்லை. என் நாற்காலியில், என் காதில் நடந்தது. பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணி, நாய் ஊளை, கரண்ட் கட் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவீர்கள். நடந்ததெல்லாம் பட்டப்பகலில். ட்யூப் லைட் எரிந்துகொண்டிருந்தது, ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்து மேஜையில் ஆள் இருந்தார். ராத்திரி பயந்தால் விடிந்ததும் சரியாகிவிடும். பகலில் பயந்துவிட்டு நான் எதற்காகக் காத்திருப்பது?

என் மாமா, அதாவது என் அம்மாவின் தம்பி, தண்ணீர் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். முன்னால் கண்ணாடிக் கதவு போட்ட சின்ன ஆபீஸ், பின்னால் பட்டறை. ஆபீஸில் நானும், பில் போடும் அக்காவும். பட்டறையில் மாமா. அம்மா இறந்து பதினோரு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து எனக்கு எல்லாமே மாமாதான். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர். நான் காய்ச்சலில் கிடந்தபோது ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கியவர் அவர். அவருக்கு ஒன்று என்றால் எனக்கு வேறு நாதி கிடையாது.

என் வேலை போன் எடுப்பது. பத்து போன் வந்தால் ஆறு தொல்லை. லோன் வேணுமா, இன்சூரன்ஸ் வேணுமா, உங்க பிரிண்டர் மாடல் என்ன, இன்னும் ரெண்டு மணி நேரத்தில் உங்க கரண்ட் கனெக்‌ஷனை வெட்டப் போறோம், உங்க பார்சல் பிடிபட்டிருக்கு... எடுத்த எடுப்பிலேயே எனக்குத் தெரிந்துவிடும். குரல் ரொம்ப இனிப்பாக இருந்தால் விற்க வந்தவன். ரொம்ப அதட்டினால் ஏமாற்றுக்காரன். "வேற ஆளப் பாருங்க" என்று வைத்துவிடுவேன். அதோடு சும்மா இருக்க மாட்டேன் நான். சில நாள் ரிசீவரைக் கொண்டுபோய் ஓடுகிற மோட்டார் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். பேசிப் பேசி அவனே ஓயட்டும் என்று.

கடை மாமாவின் பெயரில் இருப்பதால் எல்லாரும் அவரைத்தான் கேட்பார்கள். "நான் இல்லன்னு சொல்லிடு" என்பார் மாமா. "இல்லீங்க" என்றால் விடுகிறார்களா? எப்போ வருவார், எங்கே போயிருக்கார், செல் நம்பர் குடுங்க என்று பிடித்துக்கொள்வார்கள். ஒருநாள் லோன்காரன் ஒருவன் பதினோராவது தடவையாகக் கூப்பிட்டான். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கொழுப்பு வந்ததோ, "அவர் தவறிட்டாருங்க" என்று சொல்லிவிட்டேன். "ஸாரி மேடம்" என்று வைத்தவன் அதற்கப்புறம் கூப்பிடவே இல்லை.

பிரமாதமான வழி கிடைத்துவிட்டது. யார் தொல்லை கொடுத்தாலும் மாமாவைப் போட்டுத் தள்ளினேன். மாமா சிரிப்பார். "செத்துட்டதா சொன்னா ஆயுசு கெட்டிடி" என்பார். சாப்பிட வரும்போது, "இன்னிக்கு எத்தன தடவ செத்தேன்?" என்று கேட்பார். பில் போடும் அக்காவுக்கு மட்டும் பிடிக்காது. "விளையாட்டுக்குக்கூட அப்படிச் சொல்லாதடி, வாய் புளிச்சுதோ மாங்காய் புளிச்சுதோன்னு..." என்று திட்டுவார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை. காலை 11.20.

போன் அடித்தது. டிஸ்ப்ளேயில் எண் வர வேண்டிய இடத்தில் வெறும் கோடு. ஆண் குரல். இனிப்பும் இல்லை, அதட்டலும் இல்லை. ஏதோ ஆபீஸில் படிவம் நிரப்புகிற ஆளின் குரல். மாமாவின் பெயரைச் சொல்லி, "இருக்காருங்களா?" என்றது.

"தவறிட்டாருங்க."

ஸாரி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"எப்போங்க?"

இப்படி ஒருவனும் கேட்டதில்லை. விடுவேனா நான்? "நேத்து" என்றேன்.

"எத்தன மணிக்கு?"

"சாயங்காலம் நாலு பத்து."

"பக்கத்துல யார் இருந்தாங்க?"

"நான்தான்."

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"அக்கா பொண்ணு."

ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு சத்தம் கேட்டது. கர்... கர்... காகிதத்தில் பேனா ஓடுகிற சத்தம். இந்தக் காலத்தில் போன் செய்கிறவர்கள் எல்லாம் கீபோர்டைத்தான் தட்டுவார்கள். பின்னால் நாலு பேர் பேசுகிற இரைச்சலும் இருக்கும். இங்கே அது இல்லை. யோசித்துப் பார்த்தால், பேசியவன் மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை.

"சரிங்க மேடம். குறிச்சுக்கிட்டேன்" என்று வைத்துவிட்டான். யார் எது கேட்டாலும் விவரம் கொடுக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள் நான். அன்றைக்கு ஒன்று விடாமல் கொடுத்திருந்தேன். அது உறைக்கக்கூட இல்லை.

புதன்கிழமை. 11.20. அதே கோடு. அதே குரல்.

"நேத்துப் பேசினேன் மேடம். உங்க மாமா இன்னும் வந்து சேரலையே?"

"எங்க?"

"இங்கதாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னைவிடப் பெரிய வாயாடி ஒருவன் சிக்கியிருக்கிறான் என்று நினைத்தேன். "வருவார், வருவார். நடந்து வர்றாரோ என்னமோ" என்று வைத்தேன்.

11.23. மறுபடியும்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும் மேடம். வழி தெரியாம எங்கயாவது நிக்கறாரோ? அவங்க அக்கா காலைலேர்ந்து வாசல்லயே காத்துட்டிருக்காங்க."

சிரிப்பு நின்றது.

"யார் அக்கா?"

கர்... கர்... "அவங்க ஒண்ணும் கவலைப்படல மேடம். 'எங்க வாலு எப்பவும் இப்படித்தான், எதுக்குமே லேட்டு'ங்கறாங்க."

போனை வைத்துவிட்டேன்.

மாமாவை 'வாலு' என்று கூப்பிட்டது உலகத்திலேயே ஒரே ஒரு ஆள். என் அம்மா. அம்மா போன பிறகு அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. நான்கூட.

"நெட்ல தேடினா எல்லாம் கிடைக்குதுடி. உங்க குடும்பத்தையே தோண்டி எடுத்திருப்பானுங்க. இனிமே எடுக்காத" என்றார் பில் போடும் அக்கா. நானும் அப்படித்தான் நம்பப் பார்த்தேன். ஆனால் பதினோரு வருஷம் முன்னால் செத்துப்போன ஒருத்தி சமையலறையில் நின்று செல்லமாகச் சொன்னது எந்த நெட்டில் கிடைக்கும்? மாமாவிடம் சொல்ல வாய் வரவில்லை. அன்று ராத்திரி அவர் இருமியபோதெல்லாம் எழுந்துபோய்ப் பார்த்தேன்.

வியாழக்கிழமை. 11.20க்கு போன் வரவில்லை. 11.30. வரவில்லை. பன்னிரண்டு மணிக்கு எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

மதியம் 3.40. வாடிக்கையாளர் ஒருவர் பழைய மோட்டாரைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கீழே வைத்துவிட்டு வியர்வையைத் துடைத்தவர், "வெளிய ரெண்டு பேர் வெயில்ல நிக்கறாங்களே, உள்ள கூப்பிட்டு உக்கார வெக்கக் கூடாதா?" என்றார்.

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். யாரும் இல்லை.

"யாருங்க?"

அவரும் திரும்பிப் பார்த்தார். "இப்பதாம்மா இருந்தாங்க. வழி விடச் சொன்னேன், விலகி நின்னாங்களே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

3.52. கதவு திறந்தது. ஒரு சாண் அளவு. பின்னால் வருகிறவருக்காகப் பிடித்துக்கொண்டு நிற்போமே, அப்படி நின்றது. பிறகு மெல்ல மூடியது. அந்தக் கதவு காற்றுக்குத் திறக்காது. பலம்கொண்டு தள்ள வேண்டும்.

"காத்துடி" என்றார் அக்கா, தலை நிமிராமல்.

4.04.

போன்.

எடுக்கவில்லை. அடித்தது... அடித்தது... எனக்குப் பதிலாக அக்கா கை நீட்டினார். அவர் எடுத்து ஏதாவது உளறிவிட்டால்? நானே பிடுங்கினேன்.

"வணக்கம் மேடம். ஆள் அனுப்பியிருக்கோம். வாசல்லதான் இருக்காங்க. அவரைக் கொஞ்சம் அனுப்பி வெச்சிடறீங்களா?"

"யாரும் சாகல. நான் சும்மா சொன்னேன். அவர் நல்லா இருக்கார்."

"முதல்ல தவறிட்டார்ங்கறீங்க. ஆள் அனுப்பினா இருக்கார்ங்கறீங்க." கோபமே இல்லை குரலில். அலுப்புதான் இருந்தது. "நாலு பத்துன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?"

"அத அடிச்சிடுங்க... தயவு செஞ்சு..."

"எழுதினத அடிக்க முடியாதுங்களே. ஒரு ஆள் வந்தாகணும்."

சுவர்க் கடிகாரம் 4.08.

பட்டறையில் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் நின்றது.

மாமா வெளியே வந்தார். கையில் எண்ணெய்த் துணி. ஆனால் கையைத் துடைக்கவில்லை.

"யாரு என்னைக் கூப்பிட்டது?"

"யாரும் கூப்பிடல மாமா. உள்ள போங்க."

"அக்கா குரல் மாதிரி இருந்துச்சு" என்றார்.

அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. ஐம்பது வயது ஆள் முகம் இல்லை அது. பள்ளிக்கூடம் விட்டு வெளியே ஓடி வருகிற பையன் முகம்.

"மாமா... நில்லுங்க."

நிற்கவில்லை. என்னைத் தாண்டிப் போனார். கதவை நோக்கி.

கதவு திறந்தது.

அவர் இன்னும் தொடவில்லை.

எட்டி அவர் சட்டையைப் பிடித்தேன். ஒரு கையில் சட்டை. ஒரு கையில் ரிசீவர். வயர் இழுத்துப் போன் தரையில் விழுந்தது. யானை பலம் அவருக்கு. இல்லை... அந்தப் பக்கம் வேறு யாரோ இழுத்தார்கள்.

4.10.

"விடுங்க! எங்க மாமாவ விட்டுடுங்க!" போனில் கத்தினேன். தினம் ஐம்பது பேரிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். அதுதான் வந்தது. "வேற ஆளப் பாருங்க!"

கர்... கர்... கர்...

"சரிங்க மேடம். வேற ஆளப் பாக்கறோம். ரொம்ப நன்றி."

டொக்.

மாமாவின் சட்டை என் கையில் தளர்ந்தது. கதவு மூடிக்கொண்டது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார், துணியைப் பார்த்தார்.

"நான் எதுக்கு இங்க வந்தேன்?" என்றார்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். எத்தனை நாள் அழுகையோ, மொத்தமாக வந்தது. அன்று சாயங்காலம் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தார். 'வாலு' என்றதும் சிரிப்பு போய்விட்டது. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. அந்தக் குரலும் வரவில்லை. தொல்லை போன்கள் வழக்கம்போல வந்தன. "வேண்டாம்" என்ற ஒரே வார்த்தையோடு வைத்துவிட்டேன். மாமா நன்றாக இருந்தார். கடவுளுக்கு நன்றி சொன்னேன். சந்தோஷமாகவே இருந்தேன், ஒளிப்பானேன்.

ஒன்பது நாள். அவ்வளவுதான் அந்தச் சந்தோஷம்.

சனிக்கிழமை, மதியம் 12.15. கல்லூரியில் படிக்கிற வயதில் ஒரு பெண் வந்தாள். வீட்டு மோட்டாரில் தண்ணீர் ஏறவில்லை, ஆள் அனுப்ப முடியுமா என்று கேட்டாள். சர்வீஸ் தாளை எடுத்துத் தேதி போட்டேன்.

"வீடு யார் பேர்ல இருக்கு?"

சொன்னாள்.

என் மாமாவின் பெயர். இனிஷியல்கூட அதேதான்.

பேனா நின்றுவிட்டது. "அவர்... வீட்டுல இருப்பாரா? கையெழுத்து வாங்கணும்."

"அவர் இல்லீங்கக்கா. தவறிட்டார். என் மாமா. மோட்டார் எல்லாம் அவர்தான் பாத்துப்பார்."

கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்.

"எப்போ?"

"போன வாரம் வியாழக்கிழமை. நாலரை மணிக்கு மேல."

"உடம்பு சரியில்லாம இருந்தாரா?"

"ஒண்ணுமே இல்ல. நல்லாத்தான் இருந்தார். சாப்பிட்டு மாடியில படுத்திருந்தார்." கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள். நிறைய பேரிடம் சொல்லி, யாரும் நம்பாத ஒன்றைச் சொல்லப் போகிறவள் மாதிரி என்னைப் பார்த்தாள். "ரெண்டு பேர் வந்தாங்கக்கா. பேரைச் சொல்லி, இருக்காரான்னு கேட்டாங்க. மாடியில இருக்கார்னு நான்தான் சொன்னேன். மேல ஏறிப் போனாங்க. இறங்கி வந்தத யாருமே பாக்கல."

அவள் நகர்ந்து என் மேஜைக்கு இன்னும் பக்கத்தில் வந்தாள்.

"நீங்களாவது சொல்லுங்கக்கா... நான் இல்லன்னு சொல்லியிருக்கணுமோ?"