ஹெங்ஷான் மலையில் ஒரு வெள்ளைச் சட்டை

சீனாவின் ஹூனான் மாகாணத்துக்குப் பட்டாசு மெஷின் பார்க்கப் போன எங்கள் சிவகாசிக் கூட்டத்தில் அவரும் இருந்தார். பட்டாசு முதலாளி. வெள்ளைச் சட்டையில் தூசு விழுந்தால் விரலால் சுண்டிக்கொண்டே இருப்பார்.

ஹெங்ஷான் புனித மலைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே கோயிலில் ஊதுபத்தி எரிக்கும் பெரிய உலைக்குள் பக்தர்கள் சரவெடியை வீசுகிறார்கள். முதல் சத்தத்துக்கே, பட்டாசு லேபிள் அச்சடிக்கும் நான் “இருக்கன்குடி ஆத்தா!” என்று அலறி, ஊதுபத்தியோடு நின்ற சீனர்களை இடித்துத் தள்ளிவிட்டுப் படியிறங்கி ஓடினேன்.

ஒற்றைச் செருப்போடு திரும்பியபோது அவர் சிரித்தார்.

“என்னலே, கூலிக்காரன் மாதிரி ஓடுற? சாமிக்குத்தானலே வெடிக்கிறாக.”

“உங்களுக்குப் பயமே இல்லையா அண்ணாச்சி? எம்புட்டு விபத்து பாத்திருப்பீக!”

“நான் எங்கனலே பாத்தேன்? நம்ம ஷெட்டு வெடிச்சப்பல்லாம் நான் வீட்லதான இருந்தேன்!”

சட்டையில் விழுந்த சிவப்புத் தாளைச் சுண்டிவிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டார். நான் இன்னொரு செருப்பைத் தேடி மறுபடி படியிறங்கினேன். இன்றும் அவருக்கு நான்தான் லேபிள் அடித்துக் கொடுக்கிறேன்.