ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லிப் பார்த்தேன்

எழுபதுகளின் நடுவில், மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில், அப்பாவைப் பார்த்துக்கொள்வதுதான் என் உத்தியோகம். அண்ணனும் மதினியும் கொழுந்து எடுக்கப் போய்விடுவார்கள். பத்தாம் வகுப்பை எத்தனை தடவை எழுதியும் தேறாத என்னைவிட இதற்குத் தகுதியான ஆள் குடும்பத்தில் இல்லை.

அப்பா ஓய்வுபெற்ற கங்காணி. புத்தி தடுமாறிய பிறகு நான் அவருக்கு மகன் இல்லை. யாரோ ஒரு கூலியாள். காலையில் சங்கு ஊதியதும் வாசலில் நின்று பிரட்டு எடுப்பார், அதாவது ஆள் கணக்கு. வரிசையில் நான் ஒருவன்தான் நிற்பேன். அதோடு விட்டாரா? வீட்டுக்கு யார் வந்தாலும் வேலை கொடுத்துவிடுவார். பார்க்க வந்த சித்தப்பா களை பிடுங்கினார். எனக்குப் பெண் விஷயமாக வந்த தரகர் விறகு பிளந்தார். பிறகு ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. பகலில் லயமே காலி. கோழிகளிடம் பேச ஆரம்பித்தேன். அவையும் பாதிப் பேச்சில் எழுந்து போயின.

மாட்டுப்பண்ணையில் பால் கறக்கும் கூட்டாளி ஒருவனைக் கெஞ்சிக் கூத்தாடி, ஞாயிற்றுக்கிழமை சீட்டு விளையாட வரச் சொன்னேன். அண்ணன் குடும்பம் மூணாறு கடைவீதிக்குப் போயிருந்தது. வருகிறவன் கையிலும் மண்வெட்டியைக் கொடுத்துவிடக் கூடாதே என்று அப்பாவிடம் முன்கூட்டியே சொன்னேன்.

"ஐயா, இன்னைக்கு ஞாயித்துக்கெழம. வேல கெடையாது."

அப்பா யோசித்தார். "அப்ப நீ எதுக்குலே என் வீட்டுக்குள்ள நிக்க? ஒன் வீட்டுக்குப் போ."

என்னை வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டுவிட்டார். சாரல் வேறு. கூட்டாளி குடையோடு வந்து சேர்ந்தபோது ஜன்னலில் அப்பாவின் தலை தெரிந்தது.

"லீவு நாள்ல என்னலே கூட்டம்? கலைஞ்சு போங்க!"

"மாப்ள, ஒங்கப்பா தெளிவாத்தான இருக்காரு? கலங்கிப் போனது நீதான்னு நெனைக்கேன்" என்று கூட்டாளி சிரித்தான். "நனைஞ்சா எனக்கு இழுப்பு வந்துரும்டா" என்றவன், கீழே போன ஜீப்பைக் கைகாட்டி நிறுத்தி ஏறிவிட்டான். அத்தனை நாள் காத்திருந்ததற்கு இவ்வளவுதான் பேச்சு.

எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. கதவைத் தட்டினேன். "ஐயா, திங்கக்கெழம ஆயிருச்சு! வேலைக்கு வந்திருக்கேன்!"

கதவு உடனே திறந்தது. என் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். "மத்தவனெல்லாம் எங்கலே?"

"யாரும் வரலய்யா. நான் மட்டுந்தான்."

"ஒத்த ஆள வச்சிக்கிட்டு ஒரு மனுசன் என்னத்தலே செய்வான்?"

"அதத்தான்யா நானும் கேக்கேன்!" என்று அவரைவிடச் சத்தமாகக் கத்திவிட்டு உள்ளே போனேன். கூட்டாளிக்கு வாங்கி வைத்திருந்த மிக்சரை முழுக்க நானே தின்றேன். அப்பாவுக்கு ஒரு வாய்கூடக் கொடுக்கவில்லை.